மதிப்பெண் இல்லாத மாதம்
(நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பரீட்சைக்கு வாராத படிப்பு வீண் என்னும் எண்ணம் நம் இல்லங்களில் வேரூன்றியிருக்கின்றது. அதனைக் குறித்தே சில கூற எழுந்தேன்.

அமெரிக்க நாட்டுக் கேம்பிரிட்ஜ் நகரில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் என்னும் சர்வகலாசாலை உளது. ஆங்கே 1971 முதல் ஜனவரி மாதத்து நான்கு வாரங்கள் மாணாக்கர் விருப்பத்திற்கே விடப்பட்டுள்ளன. வருவோர் வரலாம், வீடு செல்வோர் செல்லலாம். ஒருமணிச் சொற்பொழிவும் உண்டு, பன்னாட் பயிற்சியும் உண்டு. மதிப்பெண்ணே இல்லாதவை மிகப் பல. மாணாக்கரே ஆசிரியராய் நின்று கற்பிப்பதும் வழக்கம். 1981-இல் மாணவர் ஒருவர் தொடங்கிய புதிர் வேட்டையில் திரளானோர் உறக்கமின்றி உழல்கின்றனர். தேடுவதோ ஒளித்துவைத்த ஒரு நாணயம்! வென்ற குழுவே மறுவருடப் புதிர்களை இயற்றவேண்டும். இது பரிசோ தண்டமோ, அறியேன். பந்தியில் உண்ணும் முறையும் பிறரோடு உரையாடும் முறையும் பயிற்றும் நிகழ்ச்சியொன்று 1993-இல் தொடங்கிற்று. கணிதத்தில் வல்லார்க்கும் இவை வேண்டியிருந்தன போலும்!

நிற்க. அயல்நாட்டுச் செய்தி காரைக்காலுக்கு எதற்கு என்பீர்கள். 2010-இல் நிறுவப்பெற்ற புதுச்சேரித் தேசியத் தொழில்நுட்பக் கழகம் நம் திருவேட்டக்குடியிலேயே உளது. வெளியூர்க் கல்லூரிகளிலும் நம் பிள்ளைகள் பயில்கின்றனர். விடுமுறைப் பட்டறை என்றவுடன் நாம் கேட்பது மதிப்பெண். பெண்பிள்ளையாயின் கேள்வியே இல்லை, மறுப்புத்தான்.

யானும் அவ்வாறே செய்தேன். சென்ற மார்கழியில் என் மகள், தன் கல்லூரியில் ஐந்து நாட் பட்டறைக்குத் தங்க விடை கேட்டாள். “சான்றிதழ் உண்டா?” என்றேன். “இல்லை, அப்பா” என்றாள். அழைத்து வந்துவிட்டேன். அவள் தோழியர் ஆங்கே தம் கையாலேயே ஒரு மழைமானி செய்தனராம். அதனைச் சொல்லும்போது அவள் என் முகத்தை நோக்கவில்லை.

வருகின்ற மார்கழிக்கு, அவள் கேட்குமுன்னரே இசைந்துவிட்டேன்.