“எனக்குக் கணக்கு வராது”

(யூபிலி விழாவையொட்டி நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து களைப்போடு வீடு திரும்பும் தந்தையிடம் மகன் ரேங்க் கார்டை நீட்டுகிறான். “நம்ம குடும்பத்துல யாருக்குத்தான் கணக்கு வந்தது?” என்று சொல்லிக் கையெழுத்துப் போடுகிறார் தந்தை. அவர் சலிப்பில் சொன்ன சொல்லைப் பிள்ளை தன் தலையெழுத்தாக எடுத்துக்கொள்கிறான். அதன்பின் அவன் முயல்வதில்லை. முயலாததால் மதிப்பெண் குறைகிறது. குறைந்த மதிப்பெண் அந்தச் சொல்லுக்கே சாட்சியாகிவிடுகிறது!

பிறர் மதிப்பீடு பிள்ளைகளை எவ்வளவு தாக்குகிறது? உத்தரப் பிரதேசக் கிராமப்புற மாணவர்களிடம் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய இருவர் நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. தாளில் வரைந்த சிக்கலான பாதைகளில் வழி கண்டுபிடிப்பதே சோதனை. சாதியைச் சொல்லாதபோது, ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் மற்றவர்களுக்குச் சமமாகவே செய்தார்கள். எல்லார் முன்னிலையிலும் சாதியை அறிவித்தபோதோ, அவ்வகுப்புப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். அறிவு அதேதான், ஊரார் தம்மை எப்படி எண்ணுவார்கள் என்ற நினைவே அவர்களைக் கட்டிப்போட்டது.

அப்படியானால் புகழ்ந்துகொண்டே இருந்தால் போதுமா? போதாது. தன்னம்பிக்கையை ஆராய்ந்த ஆல்பர்ட் பந்தூரா 1977-இல் எழுதியதன்படி, ஒருவர் தாமே செய்து வென்ற அனுபவமே நம்பிக்கைக்கு உறுதியான அடித்தளம். தம்மைப் போன்ற ஒருவர் வெல்வதைக் காண்பதும் துணை செய்யும். வெறும் வாய்ச்சொல்லின் பலன் குறைவு.

ஆகவே, இரண்டு வேண்டுகோள்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு, அவனுக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கி, நாளுக்கு இரண்டு கணக்குகளைத் தானே போட்டு முடிக்கும்படி உதவுங்கள். அடுத்து, நம் மாவட்டத்துத் திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனை எடுத்துக்காட்டுவது நல்லதே. ஆனால் கூலி வேலை செய்யும் வீட்டில் பிறந்து, பாலிடெக்னிக் முடித்த அடுத்த தெரு அக்காவைக் காட்டுவது இன்னும் நல்லது. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் சிறியோருக்குக் கணக்குச் சொல்லித் தர அவரையே அழையுங்கள்.

காண்ட்ராக்ட் வேலைக்குப் போவது இழிவன்று. ஆனால் “எனக்கு வேறொன்றும் வராது” என்று நம்பி ஒரு பிள்ளை பதினாறு வயதில் புத்தகத்தை மூடினால், அது நம் எல்லாருக்கும் நட்டம். இனி ரேங்க் கார்டு வீட்டுக்கு வரும்போது, கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: “இதில் எந்தக் கணக்கு புரியவில்லை, கண்ணு?”