செத்த அரசனுக்குச் சாப்பாடு



எகிப்து தேசத்தில் அரசர்களின் பள்ளத்தாக்கு என்பதாக ஓர் இடம் உண்டு. 1922-ம் வருஷம் நவம்பர் 4-ந் தேதி ஹோவார்டு கார்ட்டர் என்பவரின் ஆட்கள் அங்கே தோண்டும்போது ஒரு கற்படி தென்பட்டது. அதன் கீழே, 3,300 வருஷங்களுக்கு முந்திய துட்டன்காமன் என்ற வாலிப அரசனின் கல்லறை! உள்ளே 5,000-க்கு மேற்பட்ட சாமான்கள். பிரேதம் கிடந்த உட்பெட்டி மாத்திரம் சுமார் 110 கிலோ தங்கம்!

தங்கம் கிடக்கட்டும். நாம் கவனிக்க வேண்டியது சாப்பாட்டு விஷயம். செத்தவனுக்கு மறு உலகத்தில் பசிக்கும் என்று ரொட்டியும், பழமும், ஜாடி ஜாடியாகத் திராட்சை மதுவும், 48 பெட்டிகளில் மாமிசமும் வைத்திருந்தார்கள். ஒரு கவளமாவது அவன் தின்றானா? மாமிசம் பெட்டியிலேயே காய்ந்து கிடந்தது!

அரசர்களுக்குக் கல்லறை குடைந்த தொழிலாளிகளோ பக்கத்துக் கிராமத்தில் குடியிருந்தவர்கள். ஒரு நூற்றாண்டுக்குமேல் சென்று, மூன்றாம் ராம்சேஸ் ஆண்ட 29-வது வருஷத்தில், அவர்களுக்குக் கூலியாக அளக்க வேண்டிய தானியம் வரவில்லை. பசி பொறுக்காமல் வேலையை நிறுத்திக் கோவிலருகே போய் உட்கார்ந்துவிட்டார்கள். இது நாம் கட்டிச் சொல்வதல்ல. அக்காலத்துக் கணக்குப்பிள்ளை பாப்பிரஸ் தாளில் எழுதி வைத்தது. இத்தாலியில் டூரின் பட்டணத்துக் காட்சிசாலையில் இருக்கிறது.

தோழர்களே! பசியறியாத பிணத்துக்குப் பெட்டி பெட்டியாய் மாமிசம். பசித்தவனுக்குப் படி தானியம் இல்லை! ஆனால் அத்தொழிலாளிகள் மறு உலகத்தில் கிடைக்குமென்று காத்திருக்கவில்லை. இங்கேயே கேட்டார்கள், பாக்கித் தானியம் வந்தது.