பலங்கிகா மணிகள்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மணி என்னுஞ் சொல் நம் மொழியில் ஒலிக்குங் கருவியைக் குறிக்கும், இரத்தினத்தைக் குறிக்கும், காலத்தின் அளவையும் குறிக்கும். இம்மூன்று பொருளும் ஒருங்கே பொருந்திய மூன்று மணிகளின் வரலாற்றை இன்று உங்கள்முன் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

பிலிப்பைன் தீவுகளுள் சாமார் என்பதும் ஒன்று. அதன் தென்கரையில் பலங்கிகா என்னுஞ் சிற்றூர் உளது. ஊரார் கத்தோலிக்க சமயத்தினர். புனித லாரன்ஸின் பெயர்தாங்கிய அவ்வூர்க் கோயிலில் மூன்று வெண்கல மணிகள் இருந்தன. வழிபாட்டிற்கு அழைப்பதும், இறந்தாரை அறிவிப்பதும், ஆபத்து வந்துழி ஊரை எழுப்புவதும் அவையே. கோயில் மணியை ஊரின் நா என்றாற் பொருந்தும்.

1898இல் ஸ்பெயின் அத்தீவுகளை இரண்டு கோடி டாலர் பெற்று அமெரிக்காவிற்கு விட்டுக்கொடுத்தது. விடுதலை விழைந்த தீவினர் உடன்படாமையின் 1899இல் போர் மூண்டது. 1901 ஆகஸ்டில் அமெரிக்க ஒன்பதாங் காலாட்படையினர் 74 பேர் பலங்கிகாவில் வந்து தங்கினர். அவர்கள் ஊர் ஆடவரைப் பிடித்துக் கூடாரங்களில் அடைத்து வேலை வாங்கினர். அரிசியையும் கத்திகளையும் பறித்தனர். செப்டம்பர் 28ஆம் நாட் காலையில், படையினர் உணவருந்துகையில், ஊரார் திரண்டு தாக்கினர். மணியோசையே அதற்குக் குறியாயிற்று என்பர். படையினருள் 48 பேர் மாண்டனர். ஊராருள்ளும் பலர் வீழ்ந்தனர்.

மறுநாள் ஊர் தீக்கிரையாயிற்று. ஜேக்கப் ஸ்மித் என்னுஞ் சேனாபதி, ஆயுதமெடுக்கத்தக்க பத்து வயதிற்கு மேற்பட்டோரைக் கொல்லுமாறு கட்டளையிட்டார். 1902இல் இராணுவ நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனக் கண்டும் கண்டித்தலோடு அமைந்தது. பின்னர் அவர் பணியினின்றும் விலக்கப்பட்டார். கோயிலின் மூன்று மணிகளும் வெற்றிச் சின்னங்களாகக் கொண்டுபோகப்பட்டன. இரண்டு, வயோமிங் மாகாணத்துச் செயென் நகரையடுத்த படைமுகாமில் நிறுவப்பட்டன. மற்றொன்று ஒன்பதாங் காலாட்படையோடு சென்று, பிற்காலத்தில் தென்கொரியாவில் இருந்தது.

ஊரார் மணிகளை மறந்தாரல்லர். 1990க்குப் பின் பிலிப்பைன் அரசினரும் ஆயர்களும் பன்முறை வேண்டினர். அமெரிக்க முன்னாட் போர்வீரர் பலர், 'இவை எம் தோழரின் நினைவுச் சின்னங்கள், கொடோம்' என்றனர். அவர்தம் துயரை இகழ்தல் முறையன்று. மாண்ட 48 பேருக்கும் தாயார் இருந்தனர். ஆயினும் ஒன்று கேட்கின்றோம். தம் பிள்ளையின் நினைவிற்கு அயலூரின் நாவை அறுத்து வைத்தல் வேண்டுமோ? ஒலியாத மணி வெறும் உலோகமே. அஃது எவரையும் அழையாது, எவர்க்கும் அழாது.

இவ்வுண்மையை அவ்வீரருள்ளும் பலர் நாளடைவில் உணர்ந்தனர். 2018இல் அயல்நாட்டுப் போர் கண்ட வீரரின் பெருஞ்சங்கமே, மணிகளைத் திருப்பித் தருக என்று தீர்மானித்தது. அவ்வாண்டு டிசம்பர் 11ஆம் நாள் மூன்று மணிகளும் விமானத்தில் மணிலா வந்தன. 15ஆம் நாள் பலங்கிகாவில் ஒப்படைக்கப்பட்டன. மறுநாள் விடியற்காலைத் திருப்பலிக்கு அவை ஒலித்தன. அவை கவரப்பட்ட காலத்தில் வாழ்ந்தார் எவரும் அவ்வோசையைக் கேட்க எஞ்சியிருந்திலர். 117 ஆண்டுகள் கழிந்திருந்தன. எனினும் பாட்டனார் இழந்ததைப் பேரர் பெற்றனர்.

அன்பர்களே! சிறிய ஊரொன்று வல்லரசினிடமிருந்து தன் பொருளை மீட்டது எவ்வாறு? வாளினால் அன்று. தந்தை மகற்குச் சொல்ல, மகன் தன் மகற்குச் சொல்ல, நினைவு அறாது நின்றது. கேட்கும் வாய் ஓயாது நின்றது. மறந்த பொருளை எவரும் திருப்பித் தாரார்.

ஆதலின் இளைஞர்களே! இன்றிரவு வீடு சென்றதும் உங்கள் பாட்டிமாரை அணுகி, நம் முன்னோர் பொதுவிற் செய்துவைத்த பொருள்கள் யாவை, அவை இன்று எங்குள என்று கேளுங்கள். கேட்டதை ஏட்டில் எழுதிவையுங்கள். இதுவே எம் வேண்டுகோள்.