கொரியாவில் என் தங்கச்சி



நம்ம குழுக் கடனில்தான் என் தங்கச்சி பி.எட். முடித்தாள். 2010-ல் நடைமுறைக்கு வந்த இந்தியா - கொரியா ஒப்பந்தத்தால் நம் நாட்டு ஆசிரியர்களும் அங்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போகலாம். இப்போ அவள் தென்கொரியாவில், காங்வொன் மாகாணத்துக் கிராமப் பள்ளி டீச்சர்.

‘பொம்பளப் பிள்ளையைத் தனியா அனுப்பிட்டியே’ன்னு ஊர் பேசுச்சு. ஆகஸ்டில் போனவளும், "பாஷை புரியலக்கா, வந்துடறேன்"னு போனில் அழுதாள். அங்கே இளவட்டமெல்லாம் நகரத்துக்குப் போயிட்டதால், கிராமத்தில் வயசானவங்கதான் அதிகம். பள்ளியிலும் பிள்ளைகள் குறைவு.

நவம்பரில் பக்கத்து வீட்டுப் பாட்டி அவளைக் ‘கிம்ஜாங்’குக்குக் கூப்பிட்டாங்க. ஊர்ப் பெண்கள் ஒண்ணாக் கூடி, குளிர்காலம் முழுசுக்கும் கோஸில் உப்பு, மிளகாய்த்தூள், பூண்டு சேர்த்துக் கிம்ச்சி போடும் வேலை அது. இவளும் கையுறை மாட்டி உட்கார்ந்தாள். அவங்களும் அப்பாவை ‘அப்பா’ன்னும், அம்மாவை ‘ஒம்மா’ன்னும்தான் கூப்பிடறாங்களாம். மாசாமாசம் பணம் போட்டு முறை வைத்து எடுக்கும் ‘கே’ங்கிற சீட்டும் அங்கே பழைய வழக்கமாம்.

அப்புறம் அவள் அழவில்லை. மைனஸ் பத்து டிகிரி குளிரையும் தாங்கினாள். அடுத்த வருஷத்துக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். குழுக் கடனும் அடைந்தது.

கறவை மாட்டுக்குக் கடன் கேட்கிற நாம், மகள் படிப்புக்கும் துணிந்து கேட்போம்.