உழைத்த உடலும் உட்கார்ந்த உடலும்
(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் கல்வியைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். விழாக் குழுவினரும் அப்படித்தான் எண்ணினர். நாமோ வயிற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பசித்த வயிற்றைப் பற்றி நம் மூத்தோர் நிறையப் பேசிவிட்டனர். இன்று பேசப் போவது பருத்த வயிற்றைப் பற்றி.

எங்கள் பாட்டனார் பண்ணையாள், தந்தையார் தினக்கூலி. மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்துவிட்டது என்ற செய்தி கிடைத்தவுடன் தந்தையார் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அண்டை வெட்டப் புறப்பட்டுவிடுவார். தாயார் விடியும் முன்னரே நாற்றங்காலில் நிற்பார். நாற்றுப் பறித்து, முடி கட்டி, பிறகு பொழுது சாயும்வரை குனிந்த முதுகு நிமிராமல் நடவு. தை, மாசியில் அறுப்பு என்றால், கதிர்க்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வழுக்கும் வரப்பின்மேல் களத்திற்கு ஓட்டமும் நடையுமாகச் செல்வார்கள். இருவர் உடம்பிலும் விலா எலும்புகளை எண்ணிவிடலாம்.

அந்த மெலிவை ஆரோக்கியம் என்று நாம் புகழ்ந்துவிடக் கூடாது. உழைப்புக்கேற்ற சோறு கிடைக்காத மெலிவு அது. கூலி உயர்வு கேட்ட குற்றத்திற்காகக் கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 உயிர்கள் எரிக்கப்பட்ட மண் இது. ஆகவே, பழைய உழைப்பே மருந்து, மீண்டும் சேற்றில் இறங்குங்கள் என்று உங்களிடம் எவரேனும் உபதேசித்தால், அவர் எத்தனை நாள் நடவு நட்டவர் என்று முதலில் கேளுங்கள்.

நம் சிறுவயதில் தொந்தி என்பது மிராசுதாரரின் அடையாளம். திண்ணையில் சாய்ந்து கணக்குக் கேட்கிறவருக்கே அது வாய்த்தது. எனவே, ஆசிரியப் பணியில் சேர்ந்து நான்கைந்து ஆண்டுகள் கழித்து நாம் ஊருக்குப் போனபோது, அத்தை நம்மை மேலும் கீழும் பார்த்து, “இப்பத்தான்யா உடம்பு தேறியிருக்கு” என்று மகிழ்ந்ததில் வியப்பில்லை. நமக்கும் அது பெருமையாகவே இருந்தது. சட்டை இறுகியதை ஒரு பதவி உயர்வைப் போல எண்ணினோம்.

2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர் ஒருநாள் எங்கள் வீட்டிற்கு வந்து விரல் நுனியில் குத்திப் பார்த்தார். நம் பள்ளியிலேயே படித்த பெண். எண்ணைப் பார்த்ததும் தயங்கி, “சார், தப்பா நெனைக்காதீங்க, நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு தடவை முழுசா பாத்துடணும்” என்றார். இடுப்பளவையும் எடுத்தார்: 98 சென்டிமீட்டர். அந்த வாரம் முழுவதும் ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பார்த்தோம். பள்ளிக்கு மோட்டார் சைக்கிள், அறையில் நாற்காலி, கோப்புகளும் கூட்டங்களும், மாலையில் மீண்டும் வண்டி, இரவில் தொலைக்காட்சி. தூக்கம் நீங்கலாக நாளொன்றுக்குப் பத்தரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் தட்டில் விழும் சோறு மட்டும் தந்தையார் காலத்துக் குவியல்.

இது நம் ஒருவர் கதையாக இருந்தால் மேடைக்குக் கொண்டுவந்திருக்க மாட்டோம். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் மிகை எடை உடையோர் 2015-16-இல் 30.9 விழுக்காடு, 2019-21-இல் 40.4 விழுக்காடு. ஆண்களில் 28.2 என்பது 37.0 ஆயிற்று. நான்கைந்து ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இது.

உழைப்புக்கும் கொழுப்புக்கும் உள்ள உறவை உலகுக்குக் காட்டிய ஆய்வுகளுள் ஒன்று நம் நாட்டுத் தொழிலாளர்களைக் கொண்டே செய்யப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. வங்காளத்துச் சணல் ஆலையொன்றில் வேலை செய்தோரையும் அங்கே கடை வைத்திருந்தோரையும் ஜீன் மேயர் என்ற அறிஞரும் அவருடைய இந்தியத் துணைவர்களும் ஆராய்ந்து 1956-இல் வெளியிட்டனர். மூட்டை சுமந்தோர் மிகுதியாக உண்டனர்; ஆயினும் உடல் பருக்கவில்லை. நடுத்தர உழைப்பினர் அளவாக உண்டனர். நாளெல்லாம் கடையில் அமர்ந்திருந்தவரோ, மூட்டை சுமப்பவருக்குக் குறையாமல் உண்டார். எடையும் அவருக்கே மிகுதி. உழைப்பு ஓரளவிற்குக் கீழே இறங்கிவிட்டால் பசி அதனோடு சேர்ந்து இறங்குவதில்லை என்பதே அதிலிருந்து மேயர் கண்டது. எங்கள் தட்டில் இருந்த குவியலின் இரகசியம் அங்கே கிடைத்தது.

கணக்கு வேண்டுவோருக்கு அதையும் சொல்வோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் தந்த அளவின்படி, உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு 2,110 கலோரி போதும். கடும் உழைப்பாளிக்கு 3,470 வேண்டும். பெண்ணுக்கு முறையே 1,660, 2,720. ஒரே தலைமுறையில் ஒரு குடும்பம் இரண்டாவது எண்ணிலிருந்து முதல் எண்ணுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அடுப்படியில் உலை வைக்கும் கைக்கு அந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை.

இலண்டனில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953-இல் எழுதினார். நாள் முழுதும் படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநருக்கு மாரடைப்புக் குறைவாக இருந்தது. பின்னர் அவர்களுடைய சீருடை அளவுகளைப் பார்த்தபோது, ஓட்டுநரின் காற்சட்டை இடுப்பு பெரிதாக இருந்தது. இருவரும் ஒரே வண்டியில் ஒரே சாலையில் போனவர்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் லெவைன் 2005-இல் மெலிந்தோர் பத்துப் பேரையும் பருத்தோர் பத்துப் பேரையும் கருவி பொருத்திக் கவனித்தார். பருத்தோர் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகக் கூடுதலாக உட்கார்ந்திருந்தனர். விளையாட்டையோ உடற்பயிற்சிக் கூடத்தையோ அவர் அளக்கவில்லை. எழுதல், நிற்றல், நடத்தல், ஒரு பொருளை எடுத்து வைத்தல் ஆகிய சில்லறை அசைவுகளையே அளந்தார்.

நம் காவிரி நாட்டில் இந்தச் சில்லறை அசைவுகள் எப்படிக் கரைந்தன என்று நினைத்துப் பாருங்கள். ஆட்கள் கூட்டமாக நின்று அறுத்த வயலைக் கதிர் அறுக்கும் இயந்திரம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஏக்கர் கணக்கில் முடித்துவிடுகிறது. வேலை போனதோடு நம் பெண்களின் கூலியும் போயிற்று. இதை யாரும் சுகம் என்று சொல்ல மாட்டார்கள். குடம் சுமந்த தொலைவு குழாயடியாகச் சுருங்கியது. அம்மியும் ஆட்டுக்கல்லும் கொல்லைப்புறம் போயின. அதற்காக நாம் வருந்தவில்லை. தாயாரின் தோள்வலியை அறிந்தவர்கள் அம்மிக்காக அழ மாட்டார்கள். ஆனால் அசைவு போன இடத்தில் வேறு அசைவு வந்து சேரவில்லை. இன்றைக்கும் வயல்வேலைக்குப் போகிறவர்கள் நடவு நாட்களில் உடம்பை முறித்துக்கொள்கிறார்கள். பிறகு வாரக்கணக்கில் வேலையின்றி வீட்டில் இருக்கிறார்கள். சில நாள் மிகையும் பல நாள் வெறுமையுமான இந்த ஒழுங்கு உடலுக்கு நல்லதன்று.

இளைஞர்களே, இனி உங்களிடம் வருகிறோம். குரூப் நான்கு தேர்வுக்குப் படிக்கிறோம் என்று நம் சங்க நூலகத்தில் காலை முதல் இரவுவரை அசையாமல் அமர்ந்திருக்கிறீர்கள். வாழ்க! ஆயினும், நாங்கள் ஒல்லியாகத்தானே இருக்கிறோம் என்று இருந்துவிடாதீர்கள். புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யட்கினும் தங்கள் இருவரின் உடலையே அளந்து 2004-இல் ஒரு படம் வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடற்கொழுப்போ ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, இந்தியருக்கு 21.2. கருவில் போதிய ஊட்டமின்றிச் சிறிதாய்ப் பிறக்கும் நம் குழந்தைகளுக்குத் தசை குறைந்து கொழுப்புக் குறையாதிருப்பதையும் புனேயில் கண்டனர். பாட்டியின் பட்டினி பேரனின் வயிற்றில் கொழுப்பாக எழுதப்படுகிறது போலும். எனவே எடைக் கல்லை மட்டும் நம்பாமல் அளவு நாடாவை எடுங்கள். விலாவின் அடிக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின், இறுக்காமல் சுற்றிப் பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

நடந்தால் மட்டும் வயிறு கரைந்துவிடும் என்று நினைத்தும் ஏமாற வேண்டாம். தான்சானியா நாட்டில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களை ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் அளந்து 2012-இல் எழுதினர். அவ்வளவு நடக்கும் அவர்கள் ஒரு நாளில் செலவிடும் ஆற்றல், உடல் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால், நகரத்து அமெரிக்கரினுடையதை ஒத்தே இருந்தது. உடல் தன் செலவை எங்கோ சரிக்கட்டிக்கொள்கிறது. இது மேயர் சொன்னதற்கு முரணாகத் தோன்றலாம். அறிஞர்களிடையே இதுபற்றி வழக்கு நடக்கிறது. நமக்குத் தேவையானது தெளிவாகவே இருக்கிறது. சோற்றுக் குவியலைக் குறைத்துப் பருப்பும் கீரையும் மீனும் கூட்டாமல் வயிறு எளிதில் குறையாது. எடை குறையாவிட்டாலும், அசைகிற உடலில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் தணியும். எங்கள் இடுப்பு இன்று 93. ஒன்றரை ஆண்டில் ஐந்து சென்டிமீட்டர்தான் குறைந்தது. சர்க்கரையோ நன்றாகவே இறங்கியது. பாடவேளை மணி அடிக்குந்தோறும் எழுந்து பள்ளியை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறோம். மாணவர்கள் இதைக் கண்காணிப்பு என்று அஞ்சுகிறார்கள். அதுவும் ஒரு நன்மைதான்.

எங்கே நடப்பது என்ற கேள்வி மற்றவர்களுக்குச் சிறிது, நமக்குச் சிறிதன்று. எங்கள் பாட்டனார் செருப்பணிந்து ஊர்த்தெருவில் நடக்க முடியாது. இன்று முடியும், ஆயினும் காலை ஐந்தரை மணிக்கு நம் பெண்கள் நான்கு பேர் சேர்ந்து அத்தெரு வழியே கைவீசி நடந்தால் திண்ணைகள் இன்னும் திரும்பிப் பார்க்கின்றன. நம் தெருவிலேயே, வேலைவெட்டி இல்லையா என்று கேட்கும் வாய்களும் உண்டு. சென்னைத் திருமங்கலம் பகுதியில் ஒரு நடுத்தர வருவாய்க் குடியிருப்பில், மருத்துவர்கள் விளக்கிச் சொன்னபின், மக்கள் தம் சொந்தப் பணத்திலேயே பூங்கா அமைத்தனர். வாரம் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்வோர் அங்கே 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 ஆயினர் என்று 2006-இல் எழுதினார்கள். பூங்காவுக்கு அவர்களிடம் பணம் இருந்தது, இடமும் இருந்தது. நம் தெருவிலோ இரண்டு வீடுகளுக்கு நடுவே கட்டில் போட இடமில்லை.

மேடையில் மாலையிட்டு வைத்திருக்கும் படத்தைப் பாருங்கள். அண்ணல் அம்பேத்கர் தம் கடைசி ஆண்டுகளில் நீரிழிவால் பெரிதும் வருந்தினார். 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தபோது அவருக்கு வயது 65. இரவு பகல் பாராமல் நமக்காக அமர்ந்து எழுதியவர். அவர் இன்னும் பத்தாண்டுகள் இருந்திருந்தால் என்று எண்ணாத நாள் நமக்கு இல்லை. நம்மில் முதல் பட்டதாரிகள், முதல் எழுத்தர்கள், முதல் செவிலியர்கள் நாற்பத்தைந்து வயதில் காலில் ஆறாப் புண்ணோடும் சிறுநீரகக் கோளாறோடும் படுத்தால், அந்த வீட்டில் அடுத்த பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை யார் கட்டுவது?

பள்ளிக்குப் பின்னேயுள்ள புறம்போக்கு நிலத்தை விளையாட்டுத் திடலாக்கக் கேட்டுச் சங்கம் எழுதிய மனு கிராம சபையில் வைக்கப்பட இருக்கிறது. கையொப்பமிடாதவர்கள் இன்றே இட வேண்டும்; பெண்களின் கையொப்பம் குறைவாக இருக்கிறது. அதுவரை, நாளை முதல் காலை ஐந்தரைக்குச் சங்கக் கட்டடத்திலிருந்து வாய்க்கால் கரை வழியாக மதகுவரை நடந்து திரும்புவோம்; வழி ஊர்த்தெருவினூடேதான். அளவு நாடா ஒன்றை நூலக மேசையில் வைத்திருக்கிறோம். பக்கத்தில் ஒரு குறிப்பேடும் இருக்கிறது. முதல் பெயர் எங்களுடையது.