காற்றுக்கும் இடம் வேண்டும்



கோடை விடுமுறை மறைக்கல்வியின்போது எங்கள் பங்குப் பிள்ளைகளோடு தண்ணீர் ராக்கெட் விட்டோம். 2 லிட்டர் குளிர்பான பாட்டில், அட்டையில் வெட்டிய மூன்று இறக்கைகள், சைக்கிள் டியூப் வால்வு செருகிய ரப்பர் அடைப்பான், ஒரு பம்பு. அவ்வளவுதான் செலவு. சாதாரணத் தண்ணீர் பாட்டில் கூடாது, அழுத்தம் தாங்காது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்து வைத்துக் காற்றடிக்க வேண்டும். உள்ளே நெருக்குண்ட காற்று தண்ணீரைக் கீழே தள்ளும். பாட்டில் மேலே பாயும்.

ஒரு சிறுவன் மட்டும் பாட்டிலை விளிம்புவரை நிரப்பிவிட்டான். தண்ணீர் கூடினால் உயரமும் கூடும் என்பது அவன் கணக்கு. நான்கு முறை காற்றடிப்பதற்குள் அடைப்பான் கழன்றது. பாட்டில் அங்கேயே சாய்ந்து அவனை நனைத்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நாங்களும் சேர்ந்து சிரித்தோம், அதுதான் தவறு. அடுத்த இரண்டு ஞாயிறும் அவன் வகுப்புக்கு வரவில்லை.

பெந்தகோஸ்து ஞாயிறன்று, பூட்டிய அறைக்குள் சீடர்கள்மேல் ஆண்டவர் ஊதிய நற்செய்தியை வாசித்தோம். தம்மை விட்டு ஓடிப்போனவர்களை அவர் ஏளனம் செய்யவில்லை. முதலில் அமைதி கூறினார், பிறகே ஊதினார். வாசிக்கும்போதே அந்தப் பையனின் முகம் முன்னால் நின்றது. விளிம்புவரை நிரம்பியிருந்தது அவன் பாட்டில் மட்டும்தானா? ‘நாம் கற்பிக்கிறவர்கள்’ என்ற நினைப்பு நமக்குள் நிரம்பியிருக்கும்போது தூய ஆவியார் எங்கே நுழைவார்?

அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போனோம். சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டோம். பதிலே சொல்லாமல் உள்ளே போனவன், பாட்டிலோடு திரும்பி வந்தான்.

“எவ்வளவு தண்ணி ஊத்தணும், ஃபாதர்?”