பார்த்தீனியத்தைப் பூக்க விடாதீர்கள்
(உழவர் தின விழாவில் ஆற்றிய உரை)



வீட்டு முற்றத்திலும் வரப்பிலும், காரட் இலை போல் பிளவுபட்ட இலைகளும் சிறிய வெண்ணிறப் பூக்களும் கொண்டு வளரும் செடியே பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்துக் களையான இது, 1950-களில் புனேயில் காணப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவிவிட்டது. இதனால் தோல் அரிப்பும் மூச்சுத் திணறலும் உண்டாகின்றன. கறவை மாடு தின்றால் பால் கசக்கும்.

ஒரு செடி 15,000 விதைகள் வரை உதிர்க்கக் கூடியது. முளைத்த ஒரு மாதத்திலேயே பூக்கத் தொடங்கிவிடும். ஆகவே, மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போதே, கையுறை அணிந்து வேருடன் பிடுங்குங்கள். பூக்காத செடிகளை எருக்குழியில் இடலாம். பூத்தவற்றை இடக் கூடாது.

பயிரில்லாத தரிசு இடமாயின், ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்து, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் நேரத்தில் செடி முழுதும் நனையத் தெளியுங்கள். விளைநிலத்தில் உப்புக் கரைசல் கூடாது; மண் கெடும்.

அல்லது பூக்குமுன் லிட்டருக்கு 8 கிராம் 2,4-டி சோடியம் உப்பைக் கலந்து தெளிக்கலாம். இது அகன்ற இலைக் களைகளைக் கொல்லும். புல்லைப் பெரும்பாலும் பாதிக்காது. ஆனால் அருகில் பருத்தி, தக்காளி இருந்தால் தெளிக்காதீர்கள். சாரல் பட்டாலே அவை கருகிச் சுருளும். அந்தத் தெளிப்பானைப் பயிருக்குப் பயன்படுத்தவும் வேண்டாம்.

களை நீங்கிய இடத்தை வெறுமையாக விடாமல் ஆவாரை, துத்தி விதையுங்கள். உங்கள் வரப்பில் பிடுங்கி, அடுத்த வரப்பில் விட்டுவைத்தால் விதை மீண்டும் வந்து சேரும். எனவே ஊர் கூடிச் செய்யுங்கள்.